அழகர்சாமியின் குதிரை (2011): சாமியின் வாகனமும் ஏழையின் பிழைப்பும்

அழகர்சாமியின் குதிரை, 2011 மே 12 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். பாஸ்கர் சக்தி எழுதிய அதே பெயருள்ள கதையை, திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுசீந்திரன் இயக்கினார். வெண்ணிலா கபடி குழு (2009), நான் மகான் அல்ல (2010) ஆகியவற்றுக்குப் பின் வந்த அவருடைய மூன்றாவது படம் இது. இசை இளையராஜா; ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அப்புக்குட்டி, சரண்யா மோகன், பிரபாகரன், அத்வைதா, சூரி முதலியோர் நடித்துள்ளனர்.

படம் வெளியான மறுநாள் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தன. ஊரெல்லாம் தேர்தல் பேச்சாக இருந்த வாரம் அது. இன்றும் சுசீந்திரன் என்றால் பலருக்குக் கபடிப் படம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இந்தப் படத்தைக் கிராமத்துச் சிரிப்புப் படம் என்று எண்ணிக் கடந்தவர்கள் ஏராளம். முதல் அரை மணி நேரம் அந்த எண்ணத்துக்கு இடம் தருவது உண்மையே. ஆனால் படம் அங்கே நிற்பதில்லை.

கதை

கதை நடப்பது 1982-இல், தேனிப் பக்கத்து மல்லையாபுரம் என்னும் ஊரில். மழை பொய்த்துவிட்டது. நின்றுபோன அழகர் திருவிழாவை நடத்தினால்தான் வானம் இரங்கும் என்று ஊர் நம்புகிறது. வரி வசூலாகிறது, ஏற்பாடுகள் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் சாமியின் மரக்குதிரை வாகனம் காணாமல் போகிறது. அடுத்த ஊர்க்காரன்மேல் சந்தேகம், காவல் நிலையம், மலையாள மாந்திரீகர் என்று ஊர் அலைகிறது. அப்போது உயிருள்ள குதிரை ஒன்று ஊருக்குள் வந்து நிற்கிறது. மரக்குதிரைதான் உயிர் பெற்று வந்துவிட்டது என்று ஊர் மகிழ்ந்து அதைக் கட்டிவைக்கிறது.

அந்தக் குதிரையைத் தேடி மலையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வருகிறான். அவன் பெயரும் அழகர்சாமி. குதிரையில் பொதி ஏற்றிப் பிழைப்பவன். குதிரை கிடைத்தால்தான் அவன் கல்யாணம் நடக்கும். ஊரோ திருவிழா முடியும்வரை விட மாட்டேன் என்கிறது.

சிரிப்பு கனக்கும் இடம்

குதிரை சாமிக்கா, ஆளுக்கா என்ற கேள்வி முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அழகர்சாமி தன் கதையைச் சொல்லத் தொடங்கியதும் அது கனக்கிறது. கட்டைக் குட்டை உருவம், கறுத்த முகம், தொந்தி. அழகர் என்ற பெயரே அவனுக்குக் கேலியாக அமைந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் இவ்வளவு அழகான பெண் தனக்கு எப்படி அமைவாள் என்று அவனே கூசுகிறான். அவனை ஏற்றுக்கொள்ளும் ராணியின் முடிவைப் படம் இரக்கமாகக் காட்டவில்லை, விருப்பமாகவே காட்டுகிறது. அதன் பிறகு குதிரை என்பது அவனுக்கு வருமானம் மட்டுமல்ல. ஒரு பெண்ணுக்கு அவன் கொடுத்த வாக்கு, முதன்முறையாகக் கிடைத்த மரியாதை.

இத்தாலியப் படமான சைக்கிள் திருடர்களில் (1948) சைக்கிள் போனால் வேலை போகும். இங்கே குதிரை போனால் வாழ்க்கையே போகும். வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே திருடன் இல்லை. எதிரில் நிற்பது மழைக்கு ஏங்கும் ஒரு ஊர். அந்த ஊரின் தவிப்பும் பொய்யல்ல. நம்பிக்கையைக் கேலி செய்வது எளிது. படம் அதன் மூடத்தனத்தைக் காட்டும்போதும் அதன் பின்னாலுள்ள வறட்சியை மறக்கவில்லை.

திண்டுக்கல் கண்ணில்

இந்த மோதலைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரிலிருந்து பார்த்தால் தெரியும் சிறுமலையில், சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன. தை மாதம் அங்கே குதிரைக்கே பொங்கல் வைக்கிறார்கள். சமவெளியிலோ குதிரை அழகரின் வாகனம். அய்யனார் கோயிலில் மண்புரவி. மலையில் உழைப்பாளி, கீழே தெய்வத்தின் துணை. இரண்டும் ஒரே விலங்கு. நாகல் நகரில் வாழ்கிற ஒருவர் இந்த இரண்டு குதிரைகளையும் அறிந்தவராகவே இருப்பார். படம் அந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டுப் பார்வையாளரின் முகத்தைப் பார்க்கிறது.

விருதும் ஒப்பீடும்

59-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. அப்புக்குட்டி சிறந்த துணை நடிகருக்கான விருது பெற்றார். படத்தின் பெயரையே சுமக்கும் பாத்திரத்தைத் துணைப் பாத்திரமாகக் கருதியது விந்தைதான். நாயகன் என்றால் இன்ன தோற்றம் என்ற பழக்கம் நடுவர்களையும் விடவில்லை போலும்.

அதே ஆண்டு சிறந்த படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட மராத்திப் படம் தேவூள், காணாமல் போன பசுவைத் தேடுபவனுக்கு வரும் தெய்வக் காட்சியிலிருந்து தொடங்குகிறது. அந்தப் படத்தில் பக்தி வியாபாரமாகவும் அரசியலாகவும் மாறுகிறது. சுசீந்திரன் அந்தத் திசையில் போகவில்லை. ஊரைவிட ஒரு தனி ஆளின் முகத்தில்தான் அவர் அதிக நேரம் நிற்கிறார்.

குறைகள்

மாந்திரீகர் வரும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. பஞ்சாயத்துத் தலைவரின் மகனுக்கும் கோடங்கியின் மகளுக்கும் உள்ள சாதி கடந்த காதல் முக்கியமான இழை. ஆனால் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தை நாம் போதிய அளவு கேட்பதில்லை. ஆயினும் அந்த இழை இல்லாமல் முடிவு இல்லை. ஊர் எதைக் குற்றம் என்கிறதோ, அதற்கு வானம் என்ன பதில் சொல்கிறது என்பதைப் படத்தில் பார்ப்பதே நல்லது.

யார் பார்க்கலாம்

குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கலாம். அவர்கள் குதிரையைப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுக் கையில் எதுவும் இல்லாமல் தவித்த அனுபவம் உள்ள பெரியவர்கள், பிற்பாதியில் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.