கோட்டு: யாருடைய தன்னிலை?

'கபாலி' (2016) வந்தபோது கோட்டைப் பற்றி நிறையப் பேசினோம். ஒரு பக்கம் 'ரஜினி ஸ்டைல்' என்றார்கள். இன்னொரு பக்கம் 'தலித் குறியீடு' என்றோம். இரண்டுமே ஒருத்தன் உடம்போடு நின்றுவிட்ட பேச்சு.

புனைவில் கோட்டு என்றதும் கோகோல்தான் ஞாபகம் வருவார். 'மேலங்கி' (1842) கதையின் அக்காக்கி நகலெடுக்கும் குமாஸ்தா. வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் தைத்த கோட்டு அவனை ஒரே ஒரு நாள் மனுஷனாக்குகிறது. அன்று ராத்திரியே பறிபோகிறது. புகார் சொல்லப்போன இடத்தில் அதட்டு. பிறகு காய்ச்சல், சாவு. கேட்க நாதியில்லை. கோட்டும் தனி, இழப்பும் தனி. ஐரோப்பியப் புனைவு கட்டிய 'தனிமனிதன்' என்கிற தன்னிலையின் அவலம் இது.

நம்மூர்க் கதை வேற. தோளில் துண்டு போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்காதே, செருப்பைக் கையில் எடு - சாதி உடம்பின்மேல் எழுதிய சட்டம் இது. விலக்கு ஒரு சேரிக்கே என்பதால் மீறுகிறவனும் சேரிக்காகவே மீறுகிறான். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தார். அங்கே அம்பேத்கர் போட்ட கோட்டு வெறும் ரசனையா? காந்தி சட்டையைக் கழற்றியது துறவு. துறக்கிறதுக்கு முதலில் சட்டை போடும் உரிமை வேணுமே!

தோட்டத் தொழிலாளி மகனுக்குக் கோட்டு மாட்டி, இந்த வித்தியாசத்தை அவன் வாயாலேயே சொல்லவைத்தார் ரஞ்சித். வணிக சினிமாவில் சின்ன விஷயமில்லை. ஆனால் காமிரா அந்தக் கோட்டை நாயகனின் நடையோடு கட்டிப்போடுகிறது. சுற்றியிருக்கும் ஜனம் கைதட்டும் ஜனமாகிறது. கூட்டத்தின் கோரிக்கை ஒருத்தனின் 'கெத்து' ஆகிவிடுகிறது.

மாமல்லபுரம் பக்கத்துக் காரணை வேறொன்றைச் சொல்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. கைமாறிப்போன அந்த நிலத்தை மீட்கப் போனவர்கள் 1994 அக்டோபரில் காரணையில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

அம்பேத்கர் சிலை என்றாலே நமக்குக் கோட்டுப் போட்ட உருவம்தான். அக்காக்கியின் கோட்டு பறிபோனப்ப ஒருத்தரும் வரலை. அது அவன் கோட்டு. காரணையில் ஜனமே வந்தது. நிலம், சிலை, கோட்டு எல்லாம் அவர்களுக்கு ஒரே கோரிக்கை.

இனி கதையிலோ படத்திலோ கோட்டைப் பார்த்தால் 'யார் போட்டிருக்கிறான்?' என்பதோடு நிற்க வேண்டாம். 'பறித்தால் யார் வருவார்கள்?' என்றும் கேட்போம்.