மேகத்துக்கும் ஒரு முகவரி உண்டு

2025 செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, தென் கொரியாவின் தேஜான் நகரில் அந்நாட்டு அரசின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. சர்வர்களுக்குப் பக்கத்திலேயே லித்தியம் அயன் பேட்டரிகள் இருப்பது ஆபத்து என்று, அவற்றைக் கழற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் தீ மூண்டது. அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றுபோயின. அவற்றில் பல, நாட்கள் கழித்தோ வாரங்கள் கழித்தோ திரும்பின. திரும்பாதது ‘ஜி-டிரைவ்’. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டுவைக்க 2018 முதல் பயன்படுத்திவந்த மேகச் சேமிப்பகம் அது. எரிந்தது 858 டெராபைட். வேறெங்கும் அதற்கு நகல் இல்லை.

மேகக்கணிமையே வீண் என்பதற்கு இதைச் சாட்சியாக நிறுத்துபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு சர்வர், அதற்கொரு அறை, அறைக்கொரு ஏசி, சாவி வைத்திருக்க ஓர் ஆள் என்று நடந்த காலம் பொற்காலம் அல்ல. அந்த சர்வர்கள் பெரும்பாலான நேரம் சும்மா கிடந்தன. வேலை வந்த நாளில் மூச்சுத் திணறின. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுக்க ஆள் நடமாட்டமில்லாத ஓர் இணையதளத்தில் ஒரே மணி நேரத்தில் லட்சக்கணக்கானோர் வந்து மோதுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆண்டு முழுதும் நூறு சர்வர்களை வாங்கி வைப்பது கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் தினமும் காப்பி போடுவதைப் போன்றது. வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பதே புத்திசாலித்தனம். மேகக்கணிமையின் பலம் அதுதான்; அதை யாரும் மறுக்க முடியாது.

இந்த வாடகை முறைக்கு அடித்தளம் மெய்நிகராக்கம். ஓர் இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போல நடக்கச் செய்யும் இந்த வித்தை புதியதல்ல. ஐபிஎம் 1960களிலேயே செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்று வெளியிட்டும்விட்டது. விஎம்வேர் நிறுவனம் அதைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அலுவலகங்கள் மாறின. ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால், அதில் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே பக்கத்து இயந்திரத்துக்கு நகர்த்திவிடலாம். நிர்வாகியின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த தொழில்நுட்பம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

ஆனால் இரும்பு இயந்திரத்திடமிருந்து கிடைத்த விடுதலை, மென்பொருள்காரரிடம் கட்டுண்பதில் முடியலாம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் உரிமை என்ற லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியது. தங்கள் செலவு பல மடங்கானதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். இருபது ஆண்டுகளாக எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றி வைத்தவர்களால் ஒரே மாதத்தில் இறங்கிவிட முடியவில்லை. குடிபோகும்போதே காலி செய்யும் வழியையும் பார்த்துவைக்காதவர், வீட்டுக்காரர் சொல்லும் வாடகையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. மேகத்துக்குப் போனதும், தரவைக் காப்பது யார் வேலை என்ற கேள்வி மங்கிவிடுகிறது. இலங்கையில் 2023 ஆகஸ்ட் இறுதியில் அரசின் ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன. சேவையைச் சில மணி நேரத்தில் மீட்டார்கள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு, தாக்குதல் தொடாத இடத்தில் பேக்கப் இல்லை. அஞ்சல் மென்பொருளும் காலாவதியான பதிப்பு. அமைப்பின் பெயரில்தான் மேகம் இருந்தது. பராமரிப்பு பழைய சர்வர் அறையினுடையதாகவே இருந்தது.

வணிக நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் தப்பியிருக்குமா? 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் பிரைவேட் கிளவுட் சந்தாவைக் கூகுள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. அமைப்பைத் தொடங்கியபோது ஏற்பட்ட ஒரு தவறான அமைவுதான் காரணம். இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும், இரண்டும் அதே சந்தாவில் இருந்ததால் சேர்ந்தே போயின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் காத்திருந்தார்கள். நிதியம் மீண்டெழ உதவியது, வேறொரு நிறுவனத்திடம் அது தனியாக வைத்திருந்த பேக்கப். டெண்டர் விலை ஒப்பீட்டில் முதலில் வெட்டுப்படக்கூடிய செலவு அது: எதற்கு இரண்டு இடத்தில் காசு என்று யாராவது கேட்பார்கள்.

ஜி-டிரைவுக்கு நகல் இல்லாததற்குத் தேஜானில் சொல்லப்பட்ட விளக்கம், கொள்ளளவு மிகப் பெரிது, வேகம் குறைந்த சேமிப்பு, ஆகவே வெளியே நகல் எடுக்க இயலவில்லை என்பது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. 858 டெராபைட் ஒரு தனி மனிதருக்கு மலை; ஓர் அரசுக்கு அல்ல. 2022இல் அந்நாட்டின் பாங்யோ டேட்டா சென்டரில் தீ விபத்து ஏற்பட்டு ககாவோ டாக் என்ற அரட்டைச் செயலி முடங்கியபோது, மாற்று ஏற்பாடு வைத்திருக்கவில்லையா என்று ககாவோ நிறுவனத்தைக் கண்டித்ததும் தென் கொரிய அரசுதான்.

தீக்குப் பிறகு வெளிவந்த ஒரு செய்தியை மறக்க முடியவில்லை. எல்லாக் கோப்புகளையும் ஜி-டிரைவில் மட்டுமே வைக்க வேண்டும் என்று கண்டிப்பாக நடந்துகொண்ட பணியாளர் மேலாண்மை அமைச்சகம்தான் அதிகம் இழந்தது. அதை அரைகுறையாகப் பயன்படுத்திய அலுவலகங்களுக்கு இழப்பு குறைவு. ஊழியர்கள் தங்கள் மேசைக் கணினிகளில் மிஞ்சியிருந்தவற்றையும் பழைய மின்னஞ்சல் இணைப்புகளையும் அச்செடுத்த தாள்களையும் தேடி எடுத்து, கோப்புகளைத் திரும்பத் தொகுக்க ஆரம்பித்தார்கள்.