திரையும் கையும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தொடக்கக் கல்வியில் மாற்று அணுகுமுறைகள் - ஒரு திறனாய்வு

முன்னுரை

தொடக்கக் கல்வியில் இணையவழிக் கற்றலையும் செயல்வழிக் கற்றலையும் இணைத்தல் வேண்டும் என்னும் கருத்து 2020ஆம் ஆண்டிற்குப் பின் கல்வியாளரிடையே பெருவழக்காகியுள்ளது. பாதி நேரம் திரை, பாதி நேரம் செயல்பாடு எனக் காலத்தைப் பகுத்துவிட்டால் இணைப்பு நிகழ்ந்துவிடும் என்பதே இக்கருத்தின் அடியில் நிற்கும் எண்ணமாகும். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் பகுதிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. திரையையும் கையையும் இணைப்பது கருவியன்று, குழந்தையின் மொழியே என்பதும், அம்மொழி இடம்பெறாதவழி இரண்டும் தனித்தனியே நின்றுவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

எல்லையும் மொழியும்

1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் உருவானபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் அம்மாநிலத்தில் நிலைபெற்றன. அவ்வாண்டே அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்வி கிடைக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. இயன்றவரை பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் கூறுகிறது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்குவதும், அவற்றிற்குரிய பாடநூல்களை அம்மாநில அரசே தமிழில் வெளியிடுவதும் இவ்வுரிமையின் பயன்களாகும்.

எனினும் 'தமிழ்வழி' என்னும் ஒரு சொல் இப்பகுதியின் மொழிநிலையை முழுதும் உணர்த்துவதில்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களில் பேசப்படுவது கொங்குத் தமிழோடு உறவுடைய வழக்கு. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்வது தென் மாவட்டங்களிலிருந்து குடியேறியோர் தலைமுறைகளாகப் பேணிவரும் பேச்சு. அட்டப்பாடியின் அகளி, புதூர், சோளையூர் ஊராட்சிகளில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் மொழிகள் வழங்குகின்றன. இவற்றுள் இருளர் மொழியைத் தனித்த திராவிட மொழியாகக் கொண்டு கமில் சுவலபில் 1973இல் நூல் வெளியிட்டமை அறிஞர் அறிந்ததே. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலக்குடியில் முதுவர் மொழி வழங்குகிறது. முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தோர் என்று கூறும் மரபுடையோர்.

ஆகவே இப்பகுதிக் குழந்தை வீட்டுப் பேச்சு, பள்ளித் தமிழ் அல்லது பள்ளி மலையாளம், அங்காடியிலும் அலுவலகத்திலும் வழங்கும் மலையாளம் எனப் பல நிலைகளுக்கிடையே நிற்கிறது. மாற்றுக் கல்வி எதுவாயினும் அது முதலில் எதிர்கொள்ள வேண்டிய உண்மை இதுவாகும்.

கைவழிக் கல்வியின் மரபு

செயல்வழிக் கற்றல் நமக்குப் புதிதன்று. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட அடிப்படைக் கல்வியை முன்வைத்தார். சாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்ட வடிவம் தந்தது. டேவிட் ஆர்ஸ்பரோ 1972இல் கருநாடகத்தின் கோலார் மாவட்டத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளியும், அதன் தாக்கம் பெற்ற ரிஷிவேலி கிராமப் பள்ளிகளும் பல வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் தத்தம் வேகத்தில் கற்கும் முறையை வளர்த்தன. அம்முறையிலிருந்தே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் அறிமுகமாயின. 2007-08இல் அது தமிழகம் முழுதும் பரவிற்று.

இப்பரவலில் ஓர் இழப்பும் நேர்ந்தது. ரிஷிவேலியில் ஊர்க் கதையும் ஊர்ப் பாட்டும் கற்றல் கருவிகளுக்கு ஊற்றாயின. பெற்றோர் பள்ளிக்கு வந்து குழந்தைகளோடு எடையும் அளவும் பார்க்கும் விழாக்களும் அங்கு நடைபெற்றன. மாநிலம் முழுமைக்கும் ஒரே வகை அட்டை அச்சிடப்பட்டபோது முறை எஞ்சிற்று, ஊர் மறைந்தது. குழந்தை அட்டையைக் கையில் எடுத்தது உண்மையே. ஆனால் அட்டையிலிருந்த சொல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. கையால் தொடுவதனால் மட்டும் கல்வி கைவழிக் கல்வியாகிவிடாது என்பது இதனால் பெறப்படும்.

கேரளத்தில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் முதலில் காசர்கோடு, வயநாடு, மலப்புறம் மாவட்டங்களிலும், பின்னர் இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களிலும் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் மலைக்குடிகளில் தோன்றிய ஓராசிரியர் மையங்கள் ஒருவகை மாற்றுப் பள்ளிகளே. ஒரே ஆசிரியர் நான்கு வகுப்புக் குழந்தைகளையும் குடியிருப்பிலேயே வைத்துக் கற்பித்தார். வசதிக் குறைவு அவற்றின் குறை. குழந்தையின் வீட்டிற்கும் பேச்சிற்கும் அருகில் இருந்தமை அவற்றின் நிறை. இம்மையங்கள் 2022இல் மூடப்பட்டுக் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டனர். நல்ல கட்டடமும் கருவியும் உள்ள பள்ளிக்குச் செல்வது குழந்தையின் உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயின் குறையை நீக்கும்போது நிறையை எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்னும் வினா விடையின்றி நிற்கிறது.

அட்டப்பாடியில் ஆசிரியப் பணியைத் துறந்த கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி இணையர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சாரங்' பள்ளி வேறொரு சான்றாகும். மண் அரித்துப்போன குன்றொன்றில் மண்ணையும் நீரையும் காத்துக் காடு வளர்க்கும் பணியே அங்குப் பாடமாயிற்று. வேலையினூடே சொல்லும், சொல்லினூடே எண்ணும் எழுத்தும் பிறத்தல் வேண்டும் என்னும் நோக்கு அங்குச் செயல்வடிவம் பெற்றது. இம்முயற்சி சிலரின் வாழ்நாள் ஈடுபாட்டைச் சார்ந்திருந்தது. எனவே அரசுப் பள்ளிகள் அனைத்திற்கும் அதனை அவ்வாறே பெயர்த்தல் இயலாது. ஆனால் வேலை முதலில், சொல் அடுத்து, எழுத்து அதன்பின் என்னும் அதன் வரிசை எங்கும் பின்பற்றத் தக்கதே.

திரைவழிக் கல்வி: ஒரு மதிப்பீடு

கேரளத்தின் கல்வித் தொலைக்காட்சியாகிய விக்டர்ஸ் 2005இல் தொடங்கப்பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 சூன் 1 முதல் அதன்வழி 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஒளிபரப்பாயின. பள்ளிகள் மூடியிருந்த நிலையில் இவ்வளவு விரைவாக ஒரு மாநிலம் முழுமைக்கும் பாடங்களைக் கொண்டுசேர்த்தது பெரும் பணியாகும். அதே வேளையில், தமிழ்வழிப் பாடங்கள் பெரிதும் பாலக்காட்டு மையத்தின் யூடியூப் வழியாகவே கிடைத்தன என்பதைக் கருத வேண்டும். மலையாளவழிக் குழந்தைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே போதுமானதாயிருந்தது. தமிழ்வழிக் குழந்தைக்கோ திறன்பேசியும், இணையக் கட்டணமும், அலைத்தொடர்பும் தேவைப்பட்டன. அலைத்தொடர்பு அரிதாகிய மலைத்தோட்டங்களில் வாழ்வோர் தமிழ்க் குழந்தைகளே என்பது இம்முரணை மேலும் கூர்மையாக்குகிறது.

இவ்வேற்றுமை சில வாரங்களுக்கு உரியதன்று. கேரளத்தில் தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1இல்தான். 2020 சூனில் ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்த குழந்தை வகுப்பறையை முதன்முதலில் கண்டபோது இரண்டாம் வகுப்பின் நடுவில் இருந்தது. எழுத்தறிவின் அடித்தளம் இடப்படும் காலம் முழுவதையும் அக்குழந்தை திரையின் முன்னரோ, திரையும் இன்றியோ கழித்தது.

இங்கு மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'அய்யப்பனும் கோசியும்' என்னும் திரைப்படத்தின் வழி அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாவின் இருளர் மொழிப் பாடல் திறன்பேசிகளின் வாயிலாக நாடெங்கும் ஒலித்தது. அதற்காக 2022இல் அவருக்குத் தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது. இருளர் மொழியைத் திரையில் ஏற்றத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருந்ததில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயினும் அதே ஆண்டு சூன் மாதம் ஒளிபரப்பான முதல் வகுப்புகள் அம்மொழியில் அமையவில்லை. பின்னர்ச் சமக்ர சிக்‌ஷா கேரளம் 'நமத்து பாசை' என்னும் திட்டத்தின் வழிப் பழங்குடிக் குழந்தைகளுக்கு அவர்தம் தாய்மொழியில் பதிவுசெய்த வகுப்புகளை வழங்க முற்பட்டது. இது சரியான திசையில் வைத்த அடியாகும்.

கருவி மட்டும் கல்வியாகாது என்பதற்குப் பிற நாட்டுச் சான்றும் உண்டு. பெரு நாட்டில் ஊர்ப்புறப் பள்ளிக் குழந்தைகளுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த மதிப்பீடு, கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் எதனையும் காணவில்லை. இதற்கு மாறாகத் தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அவ்வவ்வூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்தது. கற்பிப்பவர் அண்டை வீட்டவர் ஆதலின் பாடத்தோடு ஊர்ப்பேச்சும் உடன் நுழைந்தது. அத்திட்டத்தின் வலிமையுள் ஒரு பகுதி இதுவே எனலாம்.

இணைப்பின் பொருள்

காணக்கூடியதைக் கையால் கற்றலும், கண்ணுக்கு எட்டாததைத் திரையால் கற்றலும் இயல்பான பகுப்பாகும். தோட்டத்துக் குழந்தை கொழுந்தை அறியும். கூடையின் எடை தாயின் கூலியோடு தொடர்புடையது என்பதையும் அறியும். எனவே எண்ணும் எடையும் கொழுந்திலிருந்து தொடங்கலாம். கொழுந்து, கவாத்து, லயம் ஆகிய சொற்களே முதல் எழுத்துப் பயிற்சிக்கு உரியவாகலாம். தொழிற்சாலைக்குள் இலை வாட்டப்படுவதும் உருட்டப்படுவதும் உலர்த்தப்படுவதும் குழந்தை நுழைந்து காண இயலாதவை. அங்கேதான் திரைக்கு வேலை உண்டு.

இப்பகுப்பு வெறும் கற்பித்தல் நுட்பமன்று, உயிரோடு தொடர்புடையதுமாகும். 2020 ஆகத்து 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு லயங்களை மூடியது. குழந்தைகள் உள்ளிட்ட 70 பேர் மாண்டனர். தொலைத்தொடர்பு அற்றிருந்தமையால் செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகை எட்டியது. புட்டியொன்றை வெட்டி மழைமானி செய்து நாள்தோறும் அளவெடுத்தல் எட்டு வயதுக் குழந்தைக்கு எளிது. அவ்வளவை இணையத்தில் கிடைக்கும் மழைக் கணக்கோடும் மேகப் படத்தோடும் ஒப்பிடுதல் திரையின் பணி. மண்ணின் ஈரத்தையும் ஓடையின் நிறத்தையும் முதியோர் எச்சொற்களால் குறிக்கின்றனர் எனக் கேட்டுப் பதிவுசெய்தல் மூன்றாம் பணி. இம்மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் ஒன்றோடொன்று பேசமாட்டா. மழைமானி ஒரு விளையாட்டுப் பொருளாகவும், மேகப் படம் ஒரு காட்சியாகவும் நின்றுவிடும்.

எல்லைப் பகுதியில் சொல் எவ்வளவு கருத்துடன் ஆளப்பட வேண்டும் என்பதற்கு இப்பாடமே எடுத்துக்காட்டாகும். மலையாளத்தில் 'வெள்ளம்' என்பது நீர். தமிழில் அது பெருக்கு. மலையாளத்தில் 'அவசரம்' என்பது வாய்ப்பு; தமிழில் விரைவு. மலையாள மூலத்திலிருந்து பாடத்தைப் பெயர்ப்போர் இவ்வேறுபாட்டைக் கடந்து செல்லலாகாது. இரு மொழியும் கேட்டு வளரும் குழந்தையிடம் இவ்வேறுபாட்டையே பாடமாக்குதலும் கூடும். அவ்வாறு செய்யின் எல்லை ஒரு குறையாகாது, கற்றற் கருவியாகும்.

மறுப்பும் விடையும்

வீட்டுப் பேச்சிற்கு இடமளித்தால் குழந்தை பொதுத்தமிழையும் மலையாளத்தையும் கற்காது பின்தங்கும் என்பது பலரும் கூறும் மறுப்பு. பெற்றோரும் இவ்வச்சம் உடையோரே; வேலைவாய்ப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதை அவர்கள் அறிவர். இவ்வச்சத்தை எளிதாக ஒதுக்குதல் முறையன்று. ஆனால் இங்கு வேண்டப்படுவது வீட்டுப் பேச்சிலேயே நிறுத்துவதன்று, அதிலிருந்து தொடங்குவது. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே உகந்த வாயில் என 1953இலேயே யுனெஸ்கோ வல்லுநர் அறிக்கை வலியுறுத்தியது. அறிந்த சொல்லில் எழுத்தைப் பற்றிக்கொண்ட குழந்தைக்கு அறியாத சொல்லிற்கு ஏறுதல் அரிதன்று. அறியாத சொல்லில் அறியாத எழுத்தைக் கற்பதே இருமடங்குச் சுமையாகும்.

தமிழ்த்துறைகளின் கடன்

இக்குறைபாட்டிற்குக் கல்வித்துறையை மட்டும் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் இலக்கணத்தில் இடம் தந்தார். நாம் அதனை ஆய்வேட்டில் வைத்துப் போற்றினோமேயன்றி, ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையில் வைக்கவில்லை. வட்டார வழக்கு ஆய்வுகளும் பழங்குடி மொழி ஆய்வுகளும் பட்டம் பெற்றபின் நூலக அடுக்கில் உறங்குகின்றன. அவற்றிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு உதவும் சிறு சொற்றொகுதிகளை உருவாக்குதல், மொழிபெயர்ப்புப் பாடநூல்களை மொழிநோக்கில் திறனாய்தல், குழந்தைகளும் முதியோரும் பேசும் பேச்சைப் பதிவுசெய்து அவ்வூரார் இசைவுடன் பள்ளிக்குத் தருதல் ஆகிய மூன்றும் நம் துறைகளால் இயல்வனவே. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவும் வேண்டா.

முடிவுரை

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் கைவழிக் கல்வியின் நல்ல முயற்சிகளும் திரைவழிக் கல்வியின் பெரிய முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. முன்னது ஊரோடு ஒன்றிச் சிறிதாக நின்றது; பின்னது மாநிலம் முழுதும் பரவி ஊரை விட்டு விலகியது. இரண்டையும் நேரப் பங்கீட்டால் இணைக்க இயலாது. குழந்தை கையால் அறிந்ததைத் தன் சொல்லால் கூறவும், அச்சொல்லைத் திரையில் கேட்கவும், அங்கிருந்து பொதுத்தமிழுக்கும் மலையாளத்திற்கும் செல்லவும் வழி அமைதல் வேண்டும். இனி உருவாகும் எத்திட்டத்தையும் மதிப்பிடுவோர் எத்தனை கருவி வழங்கப்பட்டது என்று கேட்பதற்கு முன், அக்கருவியில் ஒலிப்பது யாருடைய பேச்சு என்று கேட்டல் தகும்.