தரகரா, வியாபாரியா?

உரத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ரஷ்யர் திமித்ரி ரிபோலோவ்லெவ், 2003 முதல் பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் ஸ்விஸ் கலை வணிகர் ஈவ் பூவியே மூலம் 38 கலைப்படைப்புகளை வாங்கினார். செலவு சுமார் 200 கோடி டாலர். கிளிம்ட், மோதிலியானி, ரோத்கோ, பிக்காசோ என்று பெரிய அருங்காட்சியகங்களே ஆசைப்படும் பட்டியல் அது.

ஏலத்துக்குப் போகாமல் இப்படித் தனியே வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஏலத்தில் விலைபோகாத ஓவியத்தின் மவுசு குறைந்துவிடும். விற்கும் குடும்பங்கள் பலவும் பெயர் வெளியே தெரிவதை விரும்புவதில்லை. பெரும் பணக்காரர் கேட்கிறார் என்று தெரிந்தாலே விலை ஏறிவிடும். ஜெனிவாவின் சுங்கவரியற்ற கிடங்கில் தொழில் நடத்திய பூவியேக்கு, எந்த ஓவியம் எவரிடம் இருக்கிறது என்பது அத்துப்படி. அந்த அறிவுக்கு விலை உண்டு.

சிக்கல் வேறிடத்தில். டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வதோர் முந்தி'யை 2013இல் பூவியே சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, கையோடு ரிபோலோவ்லெவுக்கு 12.75 கோடிக்கு விற்றார். விற்பவர் மசிய மறுக்கிறார், கடுமையாகப் பேரம் பேசுகிறேன் என்ற தொனியில் அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள் பின்னர் வழக்கில் வெளிவந்தன. 2014 கடைசியில் ஒரு மதிய விருந்தில்தான் ரிபோலோவ்லெவுக்கு விஷயம் தெரிந்தது: மோதிலியானி ஓவியம் ஒன்றுக்கு அவர் கொடுத்தது 11.8 கோடி, விற்றவர் பெற்றதோ 9.35 கோடி.

இரண்டு சதவீதக் கமிஷனுக்கு வேலை பார்த்த தரகர் என்றார் ரிபோலோவ்லெவ். நான் சொந்தமாக வாங்கி விற்கும் வியாபாரி, இரண்டு சதவீதம் செலவுகளுக்கானது என்றார் பூவியே. சில ஒப்பந்தங்களில் அவருடைய நிறுவனமே விற்பவராக இருந்தது. இத்தனை கோடி புழங்கிய உறவில் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளாதது சேகரிப்பாளரின் தவறும்தான்.

2017இல் அதே 'சால்வதோர் முந்தி' 45 கோடி டாலருக்கு ஏலம்போனதைக் காட்டி, வாங்கியவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அதே ஆண்டு, அவர் சுமார் 8.5 கோடிக்கு வாங்கிய கோகன் ஓவியம் ஏறத்தாழ 2.5 கோடிக்குத்தான் போனது. பிற்பாடு வந்த லாபமோ நஷ்டமோ அன்றைய விலை நேர்மையானதா என்பதைச் சொல்லாது.

பூவியே மீது ரிபோலோவ்லெவ் தரப்பு மொனாக்கோவில் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியானது. 2023இல் இருவரும் சமரசமானார்கள். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. தொழிலின் கேள்வி மட்டும் நிற்கிறது. சொந்தப் பணம் போட்டு வாங்குபவர் எவ்வளவு லாபம் வைத்தாலும் அது வியாபாரம். வாடிக்கையாளருக்காகப் பேரம் பேசுவதாகச் சொன்னபின் அந்த உரிமை போய்விடுகிறது. விற்பவர் பெயரை அவர் மறைக்கலாம். விற்பவர் கைக்குப் போன தொகையை மறைக்கக் கூடாது.