காது சுட்டால் கொழுப்பு கரையுமா?

இந்த டப்பாவுக்கு ஒரு பாராட்டு கொடுத்தே ஆக வேண்டும். காதைப் பிரமாதமாகச் சூடாக்குகிறது. விழுங்கிய அரை மணிக்குள் காது மடலில் ஆரம்பிக்கும். அங்கிருந்து கழுத்து, நெஞ்சு, முழங்கை. தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து, எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. "மாஸ்டர், உடம்பெல்லாம் எரியுது" என்று ஜிம்மில் சொன்னால், "அப்படித்தான் சார் இருக்கும். கொழுப்பு உருகுதுல்ல?" என்கிறார். ஃபேட் பர்னர் வியாபாரம் முழுவதும் இந்த ஒரு பதிலில்தான் நிற்கிறது.

பிராண்டின் பெயர் வேண்டாம். கறுப்பு டப்பா, அதில் ஒரு தீப்பிழம்பு, பக்கத்தில் 'எக்ஸ்ட்ரீம்', உள்ளே 60 கேப்ஸ்யூல், விலை 2,000 ரூபாய்க்கு மேல். கடையில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே அச்சுதான். வழக்கமாக போனையும் ஹெட்செட்டையும் சில வாரம் வைத்திருந்து எழுதுவது போலவே இதையும் வைத்துப் பார்த்தேன். கையில் ஸ்மார்ட் வாட்ச், குளியலறை வாசலில் ஸ்மார்ட் தராசு. சாப்பாட்டிலும் நடையிலும் எந்த மாற்றமும் செய்யவில்லை.

முதலில் அந்தச் சூடு. லேபிளின் மேல் வரியிலேயே காரணம் இருக்கிறது: நியாசின், அதாவது வைட்டமின் பி3. ஒரு நாளுக்கு நமக்கு 14 முதல் 16 மி.கி. வரை போதும். 30, 50 மி.கி. என்று மொத்தமாக உள்ளே போனால் பலருக்குத் தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து இப்படிச் சிவக்கும். மருத்துவர்களுக்கு இது பழைய சங்கதி. கொலஸ்ட்ராலுக்கு நியாசின் எழுதிய காலத்தில் நோயாளிகள் மருந்தை நிறுத்தியதற்கு இந்த எரிச்சல்தான் முக்கியக் காரணம். அங்கே பக்கவிளைவாக இருந்தது இங்கே விற்பனைப் பேச்சாகிவிட்டது. காது தகித்துக்கொண்டிருக்கும்போதே தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்தேன். 98.4. மாத்திரை போடாத நாளிலும் அதேதான். கூடவே மிளகாய்ச் சாறும் மிளகுச் சாறும் சேர்த்திருக்கிறார்கள். ரசம் குடித்தாலும் வியர்க்கத்தான் செய்கிறது, அதற்காக யாரும் ரசத்தை டப்பாவில் அடைத்து 'தெர்மோஜெனிக்' என்று விற்பதில்லை.

நான் எதிர்பாராதது, வாட்ச் ஏமாந்ததுதான். காலையில் அதே பாதை, அதே வேகம், அதே தூரம். மாத்திரை போட்ட நாளில் நாடித்துடிப்பு ஏறியிருக்கும், வாட்ச் காட்டும் கலோரிக் கணக்கும் கூடவே ஏறியிருக்கும். பார்ப்பவருக்கு ஆதாரம் கையிலேயே கட்டியிருப்பது போலத் தோன்றும். ஆனால் வாட்ச் கலோரியை அளப்பதில்லை. துடிப்பு, நடை, வயது, எடை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. பயத்தில் துடித்தாலும் மாத்திரையில் துடித்தாலும் அதற்கு ஓடித் துடித்த மாதிரிதான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே சொல்லின. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். தராசும் லேசுப்பட்டதல்ல. காலடியில் மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பின் நீரை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிற கருவி அது. தண்ணீர் குடித்தாலும் வியர்த்தாலும் 'கொழுப்பு' ஆடும். இந்த இரண்டையும் சாட்சிக்கு அழைத்து "எனக்கு வேலை செய்தது" என்பவர்களை நம்பாதீர்கள்.

துடிப்பை ஏற்றியது யார்? காஃபீன். இந்த டப்பாவில் ஓரளவாவது நிரூபணம் உள்ள சரக்கு அது ஒன்றுதான். 1989இல் வெளியான ஓர் ஆய்வு: 100 மி.கி. காஃபீன், சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பின் எரிப்பை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் வரை உயர்த்துகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 70 கலோரி எரிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக எரிவது அதிகபட்சம் 7 கலோரி. ஒரு ஸ்பூன் சர்க்கரையே 20 கலோரி. அதே ஆய்வில் பகல் முழுக்க 600 மி.கி. கொடுத்தும் பார்த்தார்கள். ஒல்லியானவர்களுக்கு 150 கலோரி கூடியது. முன்பு பருமனாக இருந்து இளைத்தவர்களுக்கு, அதாவது இந்த மாத்திரையைத் தேடி வரக்கூடியவர்களுக்கு, 79தான். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அந்த வேகத்தில் ஒரு கிலோ கரைய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான உச்சம் என்று சொல்லப்படும் நாளுக்கு 400 மி.கி.யைத் தாண்டிக் குடித்துக்கொண்டே. அதற்குள் உடம்பு காஃபீனுக்குப் பழகிவிடும் என்பதைக் காபி குடிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் காஃபீனின் அளவைத்தான் மறைக்கிறார்கள். என் ஆத்திரம் முழுவதும் இதில்தான். லேபிளின் நடுவில் 'தனியுரிமைக் கலவை' என்று ஒரு கட்டம். மொத்த எடை போட்டிருக்கிறது. கீழே வரிசையாகப் பெயர்கள்: கிரீன் காபி சாறு, கிரீன் டீ சாறு, குவாரானா, காஃபீன் அன்ஹைட்ரஸ், சிட்ரஸ் ஆரான்டியம், கார்சினியா. எது எவ்வளவு என்று ஒரு மி.கி.கூட இல்லை. முதல் நான்கிலும் காஃபீன் உண்டு, வேறு வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. குவாரானா விதையில் காபிக் கொட்டையைவிடக் காஃபீன் அதிகம். பெட்டிக்கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்குக்குக்கூட நம் நாட்டில் லிட்டருக்கு 300 மி.கி. என்று வரம்பு வைத்து, காஃபீன் அளவை அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று எழுதிவிட்டு, எவ்வளவு விழுங்குகிறீர்கள் என்பதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு மேல் ஜிம்முக்கு முன் குடிக்கும் 'ப்ரீ ஒர்க்அவுட்', வீட்டில் இரண்டு டம்ளர் காபி. கூட்டிப் பார்க்க வழியே இல்லை. மாலை கேப்ஸ்யூல் போட்ட இரவுகளில் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மின்விசிறியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும் என்பது எடை குறைப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். காசு கொடுத்து எதிர்த் திசையில் ஓடுகிற ஏற்பாடு.

மீதிப் பெயர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். கார்சினியா வேறொன்றுமில்லை, கேரள மீன் குழம்பில் போடும் குடம்புளி. குழம்பில் அதன் வேலையைக் குறை சொல்ல ஆளில்லை. 1998இல் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். குடம்புளிச் சாறு எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 4.1 கிலோ. கிரீன் காபியின் கதை இன்னும் அழகு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் ஓஸ் அதை மாயக் கொட்டையாகத் தூக்கிப் பிடித்தார். ஆதாரமாகக் காட்டப்பட்டது, இந்தியாவில் 16 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு. எடைகளையே மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 2014இல் 35 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. கட்டுரையும் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. டப்பாக்களில் கிரீன் காபி மட்டும் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் உண்மையிலேயே கொழுப்பை எரிக்கும் மாத்திரை வந்ததே இல்லையா? வந்தது. 1933இல், அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து. டைநைட்ரோஃபீனால், சுருக்கமாக டி.என்.பி. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் புழங்கிய ரசாயனம். உணவின் ஆற்றலை உடம்பு சேமிக்க விடாமல் செல்லுக்குள்ளேயே வெப்பமாக வெளியேற்றிவிடும். அங்கே தெர்மாமீட்டர் ஏறியது, எடையும் மளமளவென்று இறங்கியது. அளவு கொஞ்சம் மீறினால் ஆள் உள்ளுக்குள் வெந்து இறந்தார். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண்புரை. 1938இல் அமெரிக்கா நிறுத்தியது. அதன் நச்சுக்கு முறிமருந்து இன்றுவரை கிடையாது. இணையத்தில் மட்டும் இன்றும் கிடைக்கிறது. அடுத்து வந்த எஃபெட்ரா என்ற மூலிகையும் ஓரளவு வேலை செய்தது. 2003இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கில் இறந்தார். பிரேதப் பரிசோதனை அதிகாரி எஃபெட்ராவுக்கும் அதில் பங்குண்டு என்றார். மறு ஆண்டே தடை. அந்தக் காலி இடத்துக்கு வந்ததுதான் என் டப்பாவின் சிட்ரஸ் ஆரான்டியம், அதாவது கசப்பு ஆரஞ்சு. பசியை அடக்கிய சிபுட்ரமின், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010இல் சந்தையிலிருந்து வெளியேறியது. வேலை செய்தவை வரிசையாகத் தடைப் பட்டியலுக்குப் போயின. கடையில் மிஞ்சியிருப்பவை வேலை செய்யாதவை.

அல்லது, சொல்லாமல் கலந்தவை. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கலப்படம் கண்டுபிடித்த 776 சப்ளிமென்ட்களில் பத்தில் நான்கு எடை குறைப்புக்கானவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது அதே சிபுட்ரமின். ஆகவே "அந்த பிராண்டு நிஜமாகவே கேட்குது, பசியே எடுக்கல" என்று யாராவது சொன்னால், அந்த டப்பாவைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும். போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: ஊக்கமருந்து சோதனையில் "லேபிளில் இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

'இயற்கை, மூலிகை' என்பதும் கவசமாகாது. கோப்பையில் குடிக்கும் கிரீன் டீ வேறு, கேப்ஸ்யூலில் அடைத்த சாறு வேறு. அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மி.கி.யைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. 2009இல் ஹைட்ராக்ஸிகட் என்ற எடை குறைப்பு சப்ளிமென்ட்டின் டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டதும் கல்லீரல் பாதிப்பால்தான். ஒரு மரணமும் நடந்திருந்தது. அளவே எழுதாத என் டப்பாவில் இருப்பது 800ஆ, 80ஆ என்று யாருக்குத் தெரியும்?

தீர்ப்பு: வாங்காதீர்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, தைராய்டு, பதற்ற நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம். மருந்தால்தான் எடை குறைக்க வேண்டிய நிலை என்றால் சோதனையில் தேறிய மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் எழுதித் தர வேண்டும், ஜிம் மாஸ்டர் அல்ல. ஏற்கெனவே டப்பாவைத் திறந்துவிட்டவர்களுக்கு: படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் அடர் நிறமாகப் போனாலும், கண் மஞ்சளித்தாலும், காரணமில்லாமல் அரித்தாலும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.