வட்டம் போடாத கோமாளி

இரண்டு நாள் பட்டறை, மூன்றாம் நாள் கடற்கரை. சென்னையில் இப்போது கோமாளிப் பயிற்சி என்றால், நான் பார்த்தவரை, இந்தக் கணக்குதான். வெள்ளியன்று மூச்சும் விளையாட்டும், சனி முழுக்க விழுவதும் எழுவதும், ஞாயிறு மாலை பெசன்ட் நகரில் சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாத மனிதர்களுக்கு நடுவே இறங்கிவிட வேண்டும். பயிற்சிக்கு மகுடமே அதுதானாம். அண்மையில் ஒரு கூட்டத்தில் நாடக நண்பர் ஒருவர் இந்த முதல் இறக்கத்தை வெகுவாகப் புகழ்ந்தார். தோற்கத் தெரியாதவன் கோமாளி ஆக முடியாது, தோற்கக் கற்பதற்குத் தெருவை விட்டால் வேறு பள்ளிக்கூடம் இல்லை என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். சாப்ளினே அப்படித்தான் தொடங்கினார் என்று கடைசியில் ஒரு போடு போட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தெருவில் கிடைக்கும் லாபத்தை நான் மறுக்கவில்லை. வகுப்பறைச் சிரிப்பில் பாதி நட்பு, பாதி இரக்கம். அதை நம்பி மேடையேறி நொந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே போனால்தான் தன் உடம்பு எவ்வளவு இரைச்சல் போடுகிறது, எப்போது அடங்க வேண்டும் என்பது ஒருவருக்கு உறைக்கும். வருடக்கணக்காக ஒட்டியிருந்த கூச்சம் ஒரே மாலையில் உதிர்ந்துபோனவர்களும் உண்டு. எல்லாம் சரி. அந்தப் பாடத்துக்குக் கட்டணம் கட்டுவது யார் என்பதுதான் என் பழைய கேள்வி.

தோல்வியைக் கொண்டாடும் இந்தச் சித்தாந்தம் பாரிஸிலிருந்து வந்தது. ழாக் லெகாக் 1956-இல் அங்கே ஒரு நாடகப் பள்ளியைத் தொடங்கினார். 1960களில் ஒருநாள் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராக நடுவில் வந்து மற்றவர்களைச் சிரிக்கவைக்கச் சொன்னார். வந்தவர்கள் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சலித்துப்போய், தொங்கிய முகத்தோடு தங்கள் இடத்துக்குத் திரும்பியபோதுதான் சிரிப்பு வெடித்தது. காட்டிய வித்தையில் இல்லாத வேடிக்கை, அதில் தோற்ற மனிதனிடம் இருந்தது. உலகின் மிகச் சிறிய முகமூடி என்று சிவப்பு மூக்கு பெயர் வாங்கியதும் அந்தப் பள்ளி வழியாகத்தான். அவரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பிறகு தனிப்பள்ளி வைத்த ஃபிலிப் கோலியே தோல்வியை இன்னும் கறாராகக் கையாண்டார். மாணவன் சலிப்பூட்டினால் பக்கத்திலிருக்கும் மேளத்தை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் இறங்கிவிட வேண்டும். கூடவே வசவும் விழும்.

நம் பட்டறைக்காரர்கள் இந்த இரண்டு கதைகளையும் ஒப்பிப்பார்கள். கதைகளில் இருக்கும் வட்டத்தையும் மேளத்தையும் மட்டும் வகுப்பறையிலேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். லெகாக்கின் வட்டத்தில் இருந்தவர்கள் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்தவர்கள். ஒரு நிமிடம் முன்னால் தாங்களும் தோற்றவர்கள் அல்லது அடுத்த நிமிடம் தோற்கப்போகிறவர்கள். கோலியேயின் மேளம் ‘போதும்’ என்று சொல்வதற்கான கருவி. பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் கையில் என்ன மேளம் இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். கடற்கரைக்குப் போகும் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளி, அறுபதைத் தாண்டியவர். இருபத்தைந்து வயதுக் கோமாளி ஒருவர், அன்றுதான் முதல் இறக்கம், அவர் எதிரில் போய் நின்றார். உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். யாரென்று தெரியாது, குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளையோ, எழுந்து நிற்பதுதானே அவர் வேலை. கோமாளியும் விறைத்து நின்றார். அவர் தொப்பியைச் சரிசெய்தார். இவர் இல்லாத தொப்பியைச் சரிசெய்தார். அவர் சிரித்தார். கோமாளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காலியான நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, கேட்டைத் திறக்கும்படி அவருக்குச் சைகை காட்டினார். அதற்கும் அவர் சிரித்தார். தெருவின் மறுபக்கத்தில் நின்ற சக மாணவர்கள் கைதட்டினார்கள்.

அந்தச் சிரிப்பை நமக்குத் தெரியும். மேலதிகாரியின் நகைச்சுவைக்கு வரும் சிரிப்பு அது. கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சிரிப்பாரே, அதே ஜாதி. சிரிக்காமல் இருக்க வசதியில்லாத மனிதன் சிரிக்கும் சிரிப்பு. தேர்ந்த கோமாளியின் காது இதை அரை நொடியில் பிரித்துவிடும். கேட்டதும் விலகிவிடுவார், அல்லது தன்னைக் கவிழ்த்துக்கொண்டு அந்த மனிதரை நிமிர்த்திவிடுவார். நாற்காலியில் தான் உட்கார்ந்து, அது உடைந்து, காவலாளி கைகொடுத்துத் தூக்கினால் அது கோமாளித்தனம். புதியவருக்கு அந்தக் காது இல்லை. இரண்டு நாளில் வராது. கேட்ட சிரிப்பையெல்லாம் வெற்றி என்று வரவு வைத்துக்கொள்கிறார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தோல்வியைக் கற்கத்தான் தெருவுக்கு வந்தார்கள். உண்மையில் முதல் நாளில் யாரும் தோற்பதில்லை. பயம் விடாது. முழங்கால் நடுங்க, வாய் உலர, நூறு கண்கள் தன்மேல் இருப்பதாகத் தோன்றும்போது, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குறுக்குவழி தேடும். பார்வையை வேறு யார்மேலாவது திருப்பிவிடுவதுதான் அந்த வழி. முதல் இறக்கத்தில் பத்துக்கு எட்டுப் பேர், அதாவது நான் வேடிக்கை பார்த்தவர்களில், செய்வது ஒன்றே: முன்னால் போகிறவரின் நடையைப் பின்னால் போய்ப் பழித்துக் காட்டுவது. நடப்பவருக்குத் தெரியாது, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. புதியவரின் பயம் வழிப்போக்கரின் முதுகில் ஏறிவிடுகிறது. தன்னைக் கேலிப்பொருளாக்கிக்கொள்வது கோமாளியின் தொழில். முதல் நாளிலேயே அவர் பழகுவது அதற்கு நேர்எதிரான தொழிலை. நடை யாருடையது என்றும் பாருங்கள். தொப்பை தள்ளிய கனவான் காரில் போய்விடுகிறார். கடற்கரைச் சாலையில் மெதுவாக நடந்து, பின்னால் வருபவனுக்கு வாகாக அகப்படுகிறவர்கள் கூடை சுமக்கிறவர்கள், மூட்டு தேய்ந்த பாட்டிகள், ஒரு காலை இழுத்து நடக்கிறவர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. குறைத்துச் சொல்லத் தோன்றவில்லை.

நம் ஊரில் கோமாளிக்கா பஞ்சம்? ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முதல் முறை மேடையேறுவதை நினைத்துப் பாருங்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, எந்த நாடகமானாலும் ராஜபார்ட் வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் வந்தாக வேண்டும். ஒத்திகை கிடையாது. நடிகர்கள் தனித்தனியாக ஒப்பந்தமாகி அன்று இரவுதான் சந்திப்பார்கள். எதிரே திருவிழாக் கூட்டம், பாயில் பாதிப்பேர் படுத்திருப்பார்கள். இதைவிடப் பயங்கரமான முதல் நாள் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. ஆனால் பக்கத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இருக்கிறார்கள். பையன் தடுமாறினால் மிருதங்கத்திலிருந்து ஒரு தட்டு வரும், “என்னப்பா, பேச்சையே காணோம்?” என்று ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்வியிலிருந்தே அடுத்த பேச்சு பிறக்கும். கொஞ்சம் பச்சையான சங்கதி என்றால் பபூன் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பிச் சொல்வான். முன்வரிசைப் பெண்கள் காதில் விழாத மாதிரி இருந்துகொள்ளலாம். கோலியேயின் மேளம் இறக்கிவிடுகிறது, இந்த மிருதங்கம் தாங்கிப் பிடிக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவை அவர் முகத்துக்கு நேராகவே கிண்டலடிப்பான். அந்த ராஜா அரிதாரம் பூசிய சக நடிகன்.

மேடை இருக்கிறதே என்பார்கள். மேடையே இல்லாத வித்தைக்காரரைப் பார்ப்போம். சந்தைப்பேட்டையில் பெட்டியை இறக்கியதும் அவர் செய்யும் முதல் காரியம், குச்சியால் மண்ணில் ஒரு வட்டம் போடுவது. உடுக்கை அடிப்பார். பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே முன்வரிசையில் உட்காரவைப்பார், கைதட்டச் சொல்வார். கூட்டம் கூடிய பிறகுதான் வித்தை. கோட்டருகே வந்து நின்றவர் பார்வையாளர், வராதவர் வழிப்போக்கர். யார் எது என்பதில் குழப்பமே இல்லை. (பாதியில் கிளம்பினால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவது வேறு கணக்கு. அந்த மிரட்டலும் தானாக வந்து நின்றவனுக்குத்தான்.) கழைக்கூத்தாடியின் கொட்டுச் சத்தத்துக்கும் இதே வேலைதான். கூட்டத்தைக் கூட்டுவதே தெருக்கலையின் பாதி. இந்தப் பாதியைத்தான் புதியவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அவருக்குத் தெரு முழுவதும் மேடை, போகிற வருகிற எல்லோரும் தகவல் தெரிவிக்கப்படாத துணை நடிகர்கள்.

இனி சாப்ளின். நண்பர் சொன்னது ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ படத்தை. 1914 பிப்ரவரி 7-இல் வெளியானது. தொப்பி, பிரம்பு, தொளதொளக் கால்சட்டை என்று நாம் அறிந்த அந்த நாடோடி வேடத்தை மக்கள் திரையில் முதலில் கண்டது இதில்தான். கலிபோர்னியாவின் வெனிஸ் நகரில் சிறுவர்களின் கார்ப் பந்தயம் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது, வேடிக்கை பார்த்த கூட்டமும் நிஜக் கூட்டம். ‘யார் இந்த ஆள்?’ என்று பார்க்கும் முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்புக்கு மாறுவது படத்திலேயே பதிவாகியிருக்கிறது. இதுவரை நண்பர் கட்சி. ஆனால் படத்தில் சாப்ளின் என்ன செய்கிறார்? பந்தயத்தைப் படமெடுக்கும் கேமராவுக்குக் குறுக்கே போய் நிற்கிறார். இயக்குநராக வரும் ஹென்றி லெர்மன் பிடித்துத் தள்ளுகிறார். மறுபடி வந்து நிற்கிறார். சில நிமிடப் படம் முழுக்க இதுதான். அவர் தொல்லை கொடுப்பது சம்பளம் வாங்கும் தன் கம்பெனி ஆட்களுக்கு. அடிபடுவதும் அவமானப்படுவதும் அவர். கூட்டத்துக்கு மிச்சம் வேடிக்கைதான். அப்போது அவருக்கு வயது 24. சிறுவனாக நடனக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, 1908 முதல் ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் உழைத்துப் பழுத்த கை. அதை அவருடைய முதல் நாள் என்பது, தவில் வித்வான் புது ஜரிகை வேட்டி கட்டிய நாளை அரங்கேற்றம் என்பது போல.

சாப்ளின் கைவிட்டால் அடுத்து அன்பு வரும். அமெரிக்க மருத்துவர் பேட்ச் ஆடம்ஸ் வழிவந்த வாதம் இது. ராபின் வில்லியம்ஸ் நடித்து 1998-இல் வந்த படத்தால் உலகம் முழுக்கப் பரவியது. மூக்கை மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ, அன்பைக் கொடு, பயிற்சி பெரிதல்ல. அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அன்பு இருந்தால் அனுமதி தேவையில்லை என்று படித்துக்கொண்டவர்களைத்தான் சந்தேகிக்கிறேன். மருத்துவமனைக் கோமாளிகளே இதை ஒப்பவில்லை. நியூயார்க்கில் 1986-இல் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன் தொடங்கிய வழியில் வந்தவர்கள் இருவர் இருவராகப் போகிறார்கள். அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று குழந்தையைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுகிறார்கள். ஊசிக்கும் கசப்பு மருந்துக்கும் வேண்டாம் சொல்ல முடியாத குழந்தை, அந்தக் கட்டிடத்தில் வேண்டாம் என்று சொல்லி அது பலிப்பது கோமாளியிடம் மட்டும். காவலாளிக்கு அந்த வாசல் வைக்கப்படவில்லை, அவரே ஒரு வாசலில்தான் இருந்தார் என்றாலும்.

அந்த ஞாயிறு இருட்டியதும் பட்டறை மாணவர்கள் மணலில் கூடினார்கள். அனுபவப் பகிர்வு. மூக்குகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள், முகங்கள் எல்லாம் உள்பக்கம். எனக்குள் ஏதோ திறந்தது என்று ஒருவர் சொன்னார். அந்தக் காவலாளித் தாத்தா எவ்வளவு அழகாகச் சிரித்தார் என்று இன்னொருவர் சொன்னார். சுண்டல் தூக்குடன் வந்த பையன் ஒருவன் வட்டத்தைப் பார்த்ததும் வித்தை ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்துவிட்டான். தூக்கைக் கீழே வைத்து, இரண்டு தோள்களுக்கு நடுவே தலையை நீட்டி நின்றான். அன்றைக்கெல்லாம் தானாக வந்து நின்ற ஒரே பார்வையாளன். கொஞ்ச நேரம் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.