நெய்யாற்றின்கரை என்னும் 15 குறிகள்

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு (இன்றைய தமிழ்நாட்டுக்கு) வந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லை விழுந்தும் நெய்யாற்றின்கரையில் தமிழ் எழுதுவது நிற்கவில்லை. அந்தத் தமிழ் மெயிலின் சப்ஜெக்ட் வரியில் ஏறினால் என்ன பாடுபடுகிறது என்பதே என் கவலை.

‘நெய்யாற்றின்கரை’ யூனிகோடில் 15 குறிகள். குறிக்கு 3 பைட், ஆக 45. மெயில் ஹெடர் பழைய ஆஸ்கி எழுத்துகளுக்காக அமைந்தது. அதனால் பேஸ்64 முறையில் இது 60 எழுத்தாகிறது. முன்னும் பின்னும் வரும் அடையாளங்கள் 12, மொத்தம் 72. இப்படிக் கட்டிய ஒரு பொதிக்கு உச்சவரம்பு 75 எழுத்து. பக்கத்தில் ‘தாலுகா’ என்று சேர்த்தாலே இன்னொரு பொதி வேண்டும்.

வழியிலுள்ள சர்வர் ‘வெளி மெயில்’ என்ற எச்சரிக்கையைத் தலைப்பில் ஒட்டும்போது பொதிகளை அவிழ்த்து மறுபடி கட்டுகிறது. தவறாகக் கட்டினால் ஓர் எழுத்தின் பைட்டுகள் நடுவில் அறுபட்டு, திரையில் புரியாத குறிகள் வந்து நிற்கும். சரியாகக் கட்டினாலும், மடல் வழியில் மாறவில்லை என்று காட்ட சப்ஜெக்டையும் சேர்த்துப் போட்ட டிகிம் கையொப்பம் அதற்குப் பின் செல்லாது. டிகிமின் ‘ரிலாக்ஸ்டு’ முறை இடைவெளி, வரிமடிப்பு போன்றவற்றைப் பொறுக்குமே தவிர, சொல் சேர்வதைப் பொறுக்காது.

வழியில் ஹெடரை மாற்றுவதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014 ஏப்ரலில் யாகூ, தன் முகவரியில் வந்து சரிபார்ப்பில் தோற்கும் மெயிலை நிராகரிக்கும்படி அறிவித்ததும் குழு மடல்கள் திரும்பத் தொடங்கின. அனுப்புநர் வரியில் குழுவின் முகவரியை வைத்துத்தான் பல குழுக்கள் பிழைத்தன. ஆனால் எழுதியவரின் முகவரி பின்னுக்குப் போயிற்று. தனியாக அவருக்கு எழுதிய பதில் குழு முழுவதற்கும் போய்விடும் ஆபத்தும் வந்தது.

தபால் நிலையம் உறைமேல் முத்திரை குத்தலாம். அனுப்பியவர் எழுதியதைத் திருத்தலாகாது. ஒவ்வொரு சர்வரும் மேலே ‘ரிசீவ்டு’ வரி சேர்ப்பது முத்திரை போன்றது. பழுது தேடுபவர் அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நம் சர்வருக்கு முந்தைய வரிகள் பொய்யாகவும் இருக்கலாம். டிகிமில் உடலின் ஹாஷ் பொருந்தி, கையொப்பம் மட்டும் தோற்றால், கைவைத்தது பெரும்பாலும் ஹெடரில்தான். ஒரே மடலை நேராக ஒரு முகவரிக்கும், சந்தேகப்படும் சர்வர் வழியாக இன்னொன்றுக்கும் அனுப்பி, இரண்டின் மூலவடிவையும் வரிவரியாக ஒப்பிட்டால் மாறிய இடம் அகப்படும்.

2019-ல் வந்த ஆர்க் முறை, இடைச் சர்வர் தான் கண்ட சரிபார்ப்பு முடிவைக் கையொப்பமிட்டு மேலே அனுப்ப வழிசெய்தது. இடைச் சர்வரைப் பெறுபவர் நம்பினால்தான் அதற்கு மதிப்பு. அதைவிடத் தலைப்பைத் தொடாமலிருப்பது எளிது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் சேவையில் 2021 முதல் ‘வெளியார்’ என்ற அடையாளத்தை சப்ஜெக்டில் கைவைக்காமல் அவுட்லுக் திரையில் தனியே காட்ட முடிகிறது. நெய்யாற்றின்கரையின் 45 பைட்டும் அங்கே அப்படியே போய்ச் சேரும்.